வீட்டோடு மாப்பிள்ளையின் பெருமைப் பாட்டு

மாரெரே புக்காருவா தீவுக்கு வாழ வந்து முப்பத்தோரு வருஷம். அங்கேயே நாலு பிள்ளைகளைப் பெற்று, வீடு கட்டி, நட்ட தென்னையில் காயும் பறித்துவிட்டார். இருந்தும் என்ன? ஊருக்கு அவர் இன்னும் "ரெயாவோக்காரர்"தான். பக்கத்துத் தீவிலிருந்து வந்த வீட்டோடு மாப்பிள்ளை. கூட்டத்தில் வாய் திறந்தால், "உங்க ஊர்ல அப்படியா?" என்று யாராவது உட்கார வைத்துவிடுவார்கள். மனிதருக்கு அது ஆறாத குறை.

புது மாதா கோயில் திறப்புக்கு ரெயாவோவிலிருந்தே ஆட்கள் வருவதாக ஏற்பாடாயிற்று. வழக்கப்படி உள்ளூர்க்காரர் முதலில் தங்கள் தீவின் பெருமைப் பாட்டை முழங்க வேண்டும். பிறகு விருந்தாளிகள் தங்கள் தீவைப் பாடுவார்கள். ஒருவர் பாடியதை மற்றவர் பாடக் கூடாது. இந்தத் தீவுக் கூட்டத்தின் பழைய மொழியான துவாமோத்துவில் தடுமாறாமல் பாட இங்கே ஆளில்லை. இளசுகள் இரண்டு வரிக்குள் தஹீத்தி மொழிக்குத் தாவிவிடும். மேயர் வேறு வழியில்லாமல் மாரெரேயைக் கூப்பிட்டார்.

"ஒழுங்கா பாடிடுங்க மாப்ளே. அப்புறம் எவன் உங்களை வெளியூர்க்காரன்னு சொல்றான்னு பாக்குறேன்."

ஒரு வாரம் புக்காருவாவின் பாட்டைக் கொப்பரை காயும் இடத்தில் நின்று கத்திப் பழகினார்.

"பாத்துங்க, நாய்ங்க ஊளை விட ஆரம்பிச்சிடுச்சு" என்றாள் மனைவி தெயுமெரே.

படகு வந்தது. முன்னால் நின்றது மாரெரேயின் அக்கா தூரியா. ரெயாவோவுக்காகப் பாடப்போவதும் அவள்தான். அக்காவைப் பார்த்ததும் தம்பிக்கு நெஞ்சு விம்மிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, காலை ஓங்கி மிதித்து, ராட்சதச் சிப்பிகள் நிறைந்த குளத்தையும் புயலுக்குப் பணியாத முன்னோர்களையும் முழங்கினார். ஒரு வரி தப்பவில்லை. கண்ணைத் திறந்தால் ஊரே வாயைப் பிளந்து நிற்கிறது. அவர் பாடி முடித்தது ரெயாவோவின் பாட்டு!

"டேய் தம்பி, நான் பாட வந்ததை நீயே பாடிட்டியேடா! இப்ப நான் என்னத்தைப் பாட?" என்று அலறினாள் தூரியா.

மேயர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். "ரெயாவோக்காரர் புத்தியைக் காட்டிட்டாரு!" என்றது ஒரு குரல். மாரெரேக்கு அழுகையே வந்துவிட்டது.

தெயுமெரே இடுப்பில் கைவைத்து எழுந்தாள்.

"ஏன் அண்ணி, உங்க தீவுல அவ்வளவும் இருக்குதே, இந்த மனுசனை வச்சுக்க மட்டும் தெரியலையா? முப்பத்தோரு வருசமா இவரு எங்க ஆளு. எங்க பெருமைன்னா இவருதான். பாட்டு முடிஞ்சுது, சாப்பிட வாங்க!"

தூரியாவுக்குச் சிரிப்புதான் வந்தது. பந்தியில் மேயர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம ஊர்க்காரருக்கு இடம் விடுங்கப்பா. ஆனா சாமி சத்தியமா, இனிமே யாரும் அவரைப் பாடச் சொல்லாதீங்க!"