அம்மா வைத்த தென்னை

என் கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். பொறுத்துப் படியுங்கள்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில், அப்பா வேலை செய்த பண்ணையின் ஓரத்தில் எங்கள் கூரைவீடு இருந்தது. வாசலில் முருங்கையும் பப்பாளியும் மட்டும் வைக்கலாம். தென்னை, மா, புளி கூடாது. அது பண்ணை வழக்கம். ஏனென்று நான் கேட்டதில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். மோட்டார் ரூம் கட்டப்போவதாகவும், ராகி அறுப்பு முடிந்ததும் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றும் பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். அம்மா சந்தையில் யாரிடமோ விசாரித்துவிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் பாலக்கோடு தாலுகா ஆபீசுக்குப் போய்வந்தாள்.

ஒருநாள் அங்கிருந்து அதிகாரி வந்தார். பண்ணைக்காரரும் கூட நின்றார். "இது யாரு இடம்?" என்று அதிகாரி கேட்டார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அய்யா எடமுங்க. போன்னா போயிருவோமுங்க" என்றார். அவருடைய மரியாதை எனக்குப் பெருமையாக இருந்தது. அதிகாரி பேனாவை மூடினார்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா பேசினாள். பண்ணைக்காரர் எதிரில் அவள் குரலை அதுவரை நான் கேட்டதே இல்லை.

"எடம் அவுங்களுதுதானுங்க. ஆனா அவுங்க காட்டுல பாடுபட்டு இங்கயே குடியிருக்கறது நாங்க. அப்படி இருக்கறவங்களுக்கு வூட்டடி சொந்தம்னு சட்டம் வந்திருக்குதாமே. மெய்யா பொய்யா, நீங்களே சொல்லுங்க."

பண்ணைக்காரர் சிரித்தார். "பொட்டக்கோழி கூவியா பொழுது விடியும்?"

"எது கூவுனா என்னங்க, விடிஞ்சாச் சரி."

அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார். "மெய்தாம்மா" என்றார். கதவைத் தாண்டி வெயிலில் வந்து நின்ற அந்த ஒல்லி அம்மா, எனக்குக் கோயில் தேர்போல உயர்ந்து தெரிந்தாள்.

சில மாதம் கழித்து, வீட்டடி எங்களுக்கே சொந்தம் என்று உத்தரவு வந்தது. மறுநாள் அம்மா சந்தையிலிருந்து ஒரு தென்னம்பிள்ளையை இடுப்பில் சுமந்துவந்து வாசலில் குழி வெட்டினாள்.

"இது காய்க்க எத்தன வருசமாவும். அதுவரைக்கும் இங்கயா இருப்போம்?" என்றார் அப்பா.

"பின்ன எங்க போவோம்?"

அப்பா குடத்துத் தண்ணீர் முழுவதையும் குழியில் ஊற்றிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதார். குடிக்கத் தண்ணீர் போய்விட்டதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்து, நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினேன்.

எழுதி முடித்தது: தை மூன்றாம் தேதி, அந்த மரத்தில் காய் பறித்த சாயங்காலம்.