என் ஈரல், அவள் இலை

மெல்போர்னில் எங்கள் தெருவில் யாரும் என் மகள் கயலுக்கு ஒரு பிஸ்கட்கூட நீட்டிவிட மாட்டார்கள். முதலில் என்னைக் கேட்பார்கள், பாக்கெட்டைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பின்பக்க எழுத்தைக் காட்டுவார்கள், நான் தலையாட்டினால்தான் கொடுப்பார்கள். வந்த புதிதில், இதென்ன மனிதர்கள் என்று பொருமியிருக்கிறேன். பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்க அனுமதியா? இப்போது அந்த எழுத்தைப் படிக்காமல் என் வீட்டுக்குள் பெருங்காயம்கூட வராது.

கயலுக்கு ஒன்றரை வயதில் ஈரல் கெட்டது. என் ஈரலில் ஒரு துண்டை வெட்டி அவளுக்கு வைத்தார்கள். அதுவரை முந்திரி அவளை ஒன்றும் செய்ததில்லை. பிழைத்து, ஓடியாடத் தொடங்கிய பிறகு ஒருநாள், முந்திரி போட்ட ஒரு கரண்டி பாயசத்தில் உதடு வீங்கி மூச்சு இழுத்தது. ஈரல் மாற்றிய சில குழந்தைகளுக்கு இப்படிப் புதிதாக ஒவ்வாமை வருவதுண்டு, புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமலிருக்கக் கொடுக்கும் மருந்துக்கும் அதில் பங்கிருக்கலாம் என்றார் டாக்டர். மருந்தை நம் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. முந்திரியை நிறுத்தினேன்.

போன மாதம் நான் பிறந்த கண்டரமாணிக்கத்தில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. கயலுக்கு முந்திரி ஆகாது என்று மதினியிடம் போனிலேயே மூன்று தடவை சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்து விருந்தில் முந்திரி அரைத்து ஊற்றாத சட்டியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். காதுகுத்துக்கு முதல் நாள் காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள், மதினி இடியாப்பத்தைக் குருமாவில் தோய்த்து ஊட்டிவிட்டாள். பிள்ளையின் முகம் தடித்து, இருமல் நிற்கவில்லை. எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் ஒவ்வாமை ஊசியை அவள் தொடையில் குத்தி, காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

இருமல் அடங்கியதும் மதினி அழுதாள். “அவ வயித்துல இருக்கது ஒன் ஈரலுதானடி. நீ முந்திரிய அள்ளித் திம்ப. அவளுக்கு மட்டும் எப்புடி ஒத்துக்காமப் போகும்னு நெனச்சேன்.”

“ஈரலு என்னுது மதினி. ஒடம்பு அவளுது,” என்றேன். அவள் மனதில் துளி கெடுதல் கிடையாது. அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. யாரைத் திட்டுவது?

மறுநாள் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பந்தி நேரத்துல புள்ளைய மாடி ரூம்புல வச்சுக்கிறியா? வர்றவுக என்ன ஏதுன்னு கேப்பாக.”

“கேக்கட்டும்ணே. சொல்றதுக்கு எனக்கு வாயிருக்கு.” சாவை ஒரு தடவை திருப்பி அனுப்பிய பிள்ளை அவள். குருமாவுக்குப் பயந்து ஒளிய மாட்டாள்.

புதுச் சட்டியில் சோறும் ரசமும் நானே வைத்தேன். மதினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் பந்தியிலேயே கயலை உட்காரவைத்து, ஓர் இலை தள்ளி நான் உட்கார்ந்தேன். குருமா வாளியோடு வந்தவரைக் கண்டதும் கயல் இரண்டு கையாலும் இலையை மறைத்தாள்.

“இதுல முந்திரி இருக்கா?”

“நெறைய அரைச்சு ஊத்திருக்கு தாயி!” என்றார் அவர் பெருமையாக.

“அப்ப எனக்கு வேண்டாம். அம்மாவுக்குப் போடுங்க.”

போட்டார். மறுக்க மனம் வரவில்லை. பிறந்த ஊரின் குருமா, அதே பழைய ருசி. வழித்துச் சாப்பிட்டேன். கயல் தன் இலையை மூடிவிட்டு என் மடியில் ஏற வந்தாள். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “தொடாதே, அம்மா கை கழுவிட்டு வர்றேன்,” என்றேன்.