துண்டுக்கடியில் கேட்ட ஓட்டு

மாட்டுத் தரகனுக்கு ஆண்டவன் வாயைக் கொடுத்தது பொய் சொல்ல, கையைக் கொடுத்தது உண்மை சொல்ல. "இந்தக் காளை ஏரில் பூட்டினால் ஏரே முன்னால் ஓடும்" என்று சந்தைக்கே கேட்கும்படி வாயால் அளப்போம். விலை மட்டும் துண்டுக்கடியில். வாங்குகிறவர் கையும் என் கையும் துண்டுக்குள் போகும். அவர் என் விரல்களில் எத்தனையைப் பிடிக்கிறாரோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது, விலைபோகிற மாட்டுக்கும் தெரியாது.

இரண்டு எஜமானர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மேர் ஐயாவுக்கு வந்த சந்தேகம்

பிரெஞ்சுக்காரன் காலம். பல ஊர் சேர்ந்தது ஒரு கொம்யூன், அதன் தலைவரை மேர் என்போம். எந்தக் கொம்யூன் என்று கேட்காதீர்கள். வில்லியனூர்க்காரர்கள் பாகூர் என்று நினைத்துக்கொள்ளட்டும், பாகூர்க்காரர்கள் வில்லியனூர் என்று. ரொம்ப வருஷமாக ஒரே கட்சிதான் மேரியில், அதாவது கொம்யூன் ஆபீஸில், உட்கார்ந்திருந்தது. ஏரி மதகு உடைந்து கிடந்தது, ரோடு போட வந்த ஜல்லி யார் வீட்டுக் களத்திலோ கிடந்தது. ஜனங்கள் மேரைப் பார்த்தால் கும்பிட்டார்கள், அவர் வண்டி போனபின் துப்பினார்கள். தேர்தலும் வந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் மேர் பயந்தது எதிர்க்கட்சிக்கு அல்ல. அவர் பெண்டாட்டியின் தம்பிக்கு. சொந்த மச்சான், அதே கட்சியில் துணை மேர். ஊரில் சின்ன மேர் என்பார்கள். கட்சி ஜெயித்தால் அடுத்த மேர் நாற்காலியில் தானே உட்காருவதென்று அவர் கிளம்பிவிட்டார்.

ஒருநாள் மேர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கண்ணுசாமி தன் தடிக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு நின்றான். மேரின் அடியாட்களுக்கெல்லாம் அவன்தான் தலைவன். அவன் தடிக்குத் தடவின எண்ணெயில் பாதியைத் தலைக்குத் தடவியிருந்தால் மயிலைப்போல் மினுங்கியிருப்பான். "ஊரு மனசுல நானா, அவனா?" என்று கேட்டார் மேர். "ஐயா முன்னால் எல்லாரும் ஐயாதான்" என்றேன். "என் முன்னால இன்னா சொல்றான்னு நான் கேக்கல. நீ ஊரூரா சுத்துறவன். எந்த ஊரு அவன் பக்கம்னு மட்டும் சொல்லு. மீதிய கண்ணுசாமி பாத்துக்குவான்."

ஒரு விரல், இரண்டு விரல்

யாரைக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்றார்கள். மேரைப் பற்றிக் கேட்டால் மழையைப் பற்றிச் சொன்னார்கள். மச்சானைப் பற்றிக் கேட்டால் உரலில் உட்கார்ந்த காக்காயைக் காட்டினார்கள். அப்போதுதான் எனக்கு என் தோள் துண்டு நினைவுக்கு வந்தது. மதகடிப்பட்டுச் சந்தையில் என் கூட்டாளி காசிம் பாயிடம் யோசனையைச் சொன்னேன். மாடு வாங்குகிற பாவனையில் துண்டுக்குள் கையை விடுவது. ஒரு விரலைப் பிடித்தால் மேர், இரண்டைப் பிடித்தால் சின்ன மேர். பார்க்கிறவனுக்கு அது மாட்டு வியாபாரம்.

காசிம் பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். வில்லியனூரில் அவருக்கு மூக்கணாங்கயிற்றுக் கடை, வார்த்தைக்கு வார்த்தை நிதானம். "ரெண்டு பேரும் வேணான்றவன் எதைப் பிடிப்பான்?" என்றார். அப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அவனுக்கு மூடின கைய வச்சுக்க அண்ணே. சரக்கு அங்கதான் நெறைய தேங்கும்."

காளையை இழக்கத் துணிந்தவர்

முதல் ஆள் ஒரு கரும்பு விவசாயி. செவலைக் காளையோடு நின்றார். துண்டைப் போட்டு, கையை உள்ளே விட்டு, ஒரு விரல், இரண்டு விரல், மூடின கை என்று காதோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் கை ஜில்லென்று ஆனது. பங்குனி வெயிலில் கிணற்றுக்குள் கைவிட்டதுபோல் இருந்தது. ஒரு விரலைத் தொட்டார், உடனே விட்டார். இரண்டைத் தொட்டார், சுட்டதுபோல் விட்டார். அவர் கையை இழுத்த வேகத்தில் என் துண்டு ஆடி, காளை மிரண்டு, காளை மிரண்டதில் பக்கத்து எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

அரியாங்குப்பத்து வியாபாரி ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வெறும் வியாபாரியா, கண்ணுசாமி ஆளா என்று விவசாயிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியில் விவசாயியின் விரல்களெல்லாம் சுருண்டு உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டன. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கைய வுட்டுடுப்பா. மாட்ட வேணா சும்மா ஓட்டிக்கினு போ."

சின்ன மேரின் அன்பு

அதன்பின் ஊரூராகத் துண்டை விரித்தேன், எங்கும் மூடின கைதான். விஷயம் சின்ன மேர் காதுக்கு எட்டி, அவரும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர் வீட்டில் திட்டு இல்லை, தடி இல்லை. வாழையிலை போட்டு, நெய் ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம்" என்றார். பயத்தில் சாப்பிடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? சோறு தொண்டைவரை போய், உள்ளே போகலாமா என்று உத்தரவு கேட்டு நிற்கும்.

"மாமாகிட்ட சொல்றத எங்கிட்டயும் சொல்லிடு. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே எடத்துல. அவர் வூட்டுலயே வச்சுக்கலாம், நான் வரேன்" என்றார். சரி என்று தலையாட்டினேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். "உன் பொண்ண நத்தமேட்டுலதான குடுத்திருக்க? கூரை வூடுதான?" என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "வெயில் காலம் பாரு. ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு."

நத்தமேட்டில் ஓட்டு இல்லாத ஒருத்தி

நேரே நத்தமேட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நடந்து போகிறவர்களெல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். வழியில் பட்ட கூரையெல்லாம் நின்று நின்று பார்த்துக்கொண்டே போனேன். அங்கே ஆலமரத்தடியில் துண்டை விரித்தால், வந்த கையெல்லாம் மூடின கை. சோரியாங்குப்பத்துக்கு அந்தாண்ட, ஆற்றுக்கு அக்கரையில், இங்கிலீஷ்காரன் சீமையிலிருந்து மாடு பார்க்க வந்த ஒருத்தன்கூட, தனக்கு இங்கே ஓட்டே இல்லையென்று சொல்லிக்கொண்டே கையை மூடிக் காட்டினான்.

மகள் அஞ்சலை வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். சின்ன மேர் கேட்டதைச் சொன்னேன். அவள் கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், உள்ளே தூங்கும் பிள்ளையை ஒரு தடவை. "எங்க ஊரு இன்னா சொல்லுச்சு?" என்றாள். கையை மூடிக் காட்டினேன். "மத்த ஊரு?" மறுபடியும் கையை மூடிக் காட்டினேன். அப்போதெல்லாம் பொம்பளைகளுக்கு ஓட்டுக் கிடையாது. "உன்னிடம் கேட்கவே இல்லையே அம்மா, நீ ஏன் பயப்படுகிறாய்?" என்றேன். சாணி வாளியைக் கீழே வைத்தாள். "எனக்கு ஓட்டு இல்லப்பா. ஆனா கூரை எனக்கும் சேத்துத்தான் எரியும்."

கண்ணுசாமியின் கை

திரும்பி வரும்போது கரும்புக் கொல்லை ஓரத்தில் கண்ணுசாமி வழிமறித்தான். தடியை வரப்பில் ஊன்றினான். ஊன்றின வேகத்தில் நண்டு இரண்டு வெளியே வந்து, அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போயின. "துண்ட எடு" என்றான். கழுத்தில் போடத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரி, காசிம் பாய், சந்தையில் எனக்குப் பின் யார் தரகு பார்ப்பார்கள் என்பதுவரை மனதில் ஓடிவிட்டது.

அவன் கையை நீட்டினான். "என்னைய மட்டும் ஏன் கேக்கல? எனக்கும் ஓட்டு கீதுல்ல?" துண்டைப் போட்டேன். தென்னை மட்டை மாதிரி இருந்த அந்தக் கை உள்ளே வந்து மெல்ல மூடிக்கொண்டது. எத்தனையோ மண்டையைப் பார்த்த கை, என் உள்ளங்கையில் ஈரமாக இருந்தது. பிறகு தடியை எடுத்துக்கொண்டான். "இத எம் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல. வெளிய வந்துச்சுன்னா, அடுத்த சந்தைக்கு வேற ஆள் வெரல கடன் வாங்கிக்க."

ஒரு துண்டு, இரண்டு பக்கம்

இரண்டு பேருக்கும் ஒன்றாகச் சொல்லுகிற நாள் வந்தது; மச்சான் வருவது தெரிந்ததும், அவரை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டலாமென்று மேர் கட்சிக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார். அதற்குள் என் கை நடுங்கி நடுங்கி, வீட்டுக்காரி மத்துக் கயிற்றை அதில் கட்டி மோர் கடைந்துகொண்டிருந்தாள் என்றால் நம்புங்கள். மேர் வீட்டுக் களத்தில் கட்சி மெம்பர்கள் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். நடுவில் இரண்டு நாற்காலி. ஒன்றில் மேர், ஒன்றில் மச்சான். பின்னால் கண்ணுசாமியும் அவன் ஆட்களும். மேர் "எல்லார் முன்னாலயும் வாயால சொல்லு" என்றார். "ஐயா, தரகன் வாயால் சொன்னால் கட்டுத்தறிகூட நம்பாது" என்றேன். மெம்பர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தப்பித்து, நீட்டின விரல் என்றால் உங்கள் பக்கம், மூடின கை என்றால் இல்லை என்று இரண்டு பேர் காதிலும் தனித்தனியே சொல்லிவிட்டு, துண்டை விரித்தேன். இடது பக்கம் மேரின் கை, வலது பக்கம் மச்சானின் கை. இரண்டு கையிலும் என் மூடின கைகளை வைத்தேன்.

மேரின் விரல்கள் என் முஷ்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. உள்ளே எங்கேயாவது ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்காதா என்று தேடின. கட்டைவிரலை நெம்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் மச்சானும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். "எந்த ஊரு?" என்று மேர் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். மறுபடியும் முஷ்டியை அழுத்தினேன். எல்லா ஊரும். பிறகு, மச்சானுக்குத் தெரியக்கூடாதென்று மேர் சிரித்தார். மேருக்குத் தெரியக்கூடாதென்று மச்சான் சிரித்தார். மேரின் சிரிப்பைப் பார்த்து மச்சானுக்கு வியர்த்தது, மச்சானின் சிரிப்பைப் பார்த்து மேருக்கு. அவரவர் எதிரிக்குத்தான் விரல் கிடைத்துவிட்டதென்று நினைத்தார்கள்.

சின்ன மேர் என்னைப் பார்த்தார். எந்தக் கூரையைக் கொளுத்துவதென்று அவருக்கே தெரியவில்லை. மேர் எழுந்து நின்று "கண்ணுசாமி, கெளம்பு" என்றார். ஆட்கள் தடியைத் தோளில் வைத்தார்கள். நான் அஞ்சலையின் கூரையை நினைத்துக்கொண்டேன். எங்கே போவதென்று மேர் சொல்ல வேண்டுமே. ஓர் ஊரின் பெயரைச் சொன்னால், அந்த ஊர் மச்சான் பக்கம் என்று மேரே மெம்பர்கள் முன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும். எல்லா ஊரும் என்று சொன்னால், தன்னை ஒருத்தருமே வேண்டாமென்றது மச்சானுக்குத் தெரிந்துவிடும். மேர் வாயைத் திறந்தார், மூடினார். கண்ணுசாமி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நின்றான். அவனுடைய வெறுங்கை இடுப்புக்குப் பின்னால் மூடியிருந்ததை நான் பார்த்தேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "எந்த ஊருக்குன்னு சொல்லுங்க ஐயா, போயிட்டு வந்துடறோம்."

ஊர்ப் பெயர் எதுவும் வராமல் தடிகள் தோளிலிருந்து இறங்கின. கட்சி அந்தத் தேர்தலிலும் ஜெயித்தது, செத்தவர்களெல்லாம் தவறாமல் வந்து ஓட்டுப் போட்டார்கள், நத்தமேட்டுக் கூரையில் ஒரு பொறிகூட விழவில்லை. ஆனாலும் காலமெல்லாம் மாட்டோடு கிடந்தவன் சொல்கிறேன், முட்டுகிற மாட்டைவிட, தன்னை வாங்க ஆளில்லை என்று தெரிந்துகொண்ட மாட்டுக்கு முன்னால்தான் ரொம்பப் பயந்து நிற்க வேண்டும்.