ஆம்புலன்ஸ் வரும்வரை

தொண்ணூறுகளின் கடைசியில் நான் புலம்பெயர்ந்து வந்து ஸ்பிரிங்வேல் என்ற புறநகரில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தேன். ஒரு மத்தியானம் வெற்றுப் பெட்டிகளை வைக்கப் பின்சந்துக்குப் போனபோது, சுவரோரம் ஒரு இளம்பெண் சரிந்து கிடந்தாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பக்கத்தில் போதை ஊசி கிடந்தது.

நான் போட்ட சத்தத்தில் கடைக்கார அன்ரி ஓடி வந்தார்.

"தொடாதை பிள்ளை, பொலிஸ் வந்தால் எங்களுக்குத்தான் கரைச்சல்."

"அன்ரி, மூச்சு நிக்கப்போகுது. ஆம்புலன்ஸுக்கு அடியுங்கோ!"

தொலைபேசியில் ஆம்புலன்ஸ் ஆட்கள் சொன்னவற்றை அன்ரி வாசலில் நின்று கத்திச் சொல்ல, நான் அவளுடைய தலையை நிமிர்த்தி வாயோடு வாய் வைத்து ஊதினேன். ஊதும்போது நெஞ்சு எழும்பும், நிறுத்தினால் அசையாது. என் மகளின் வயதுதான் இருக்கும். சந்தால் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்கள்.

ஆம்புலன்ஸ்காரர் வந்து போதையை முறிக்கும் ஒரு மருந்தை ஏற்றினார். சிறிது நேரத்தில் அவள் இருமிக் கண் திறந்தாள். "அம்மாவுக்குச் சொல்லாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் அழுதாள்.

அந்த மருந்தை எங்கள் கடையில் வாங்கி வைக்கலாமா என்று ஆம்புலன்ஸ்காரரிடம் கேட்டேன். பொதுமக்கள் கையில் கொடுப்பதில்லை என்றார். மறுநாள் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். டொக்டரின் சீட்டு வேண்டும் என்றவர், யாருக்கு என்று விசாரித்தார். யாருக்காவது என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

பின்கதவைப் பூட்டி வைக்கச் சொல்வார் என்று நான் நினைத்திருந்த அன்ரி, "திறந்தே கிடக்கட்டும். ஆரும் விழுந்து கிடந்தால் தெரியவேணுமே" என்றார்.

அதன்பிறகு பெட்டி வைக்கப் போன ஒவ்வொரு முறையும் அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். கிடப்பவரைக் கண்டால் ஊதுவதற்கு என் மூச்சைத் தவிர கையில் வேறொன்றும் இருக்கவில்லை.