சித்தியின் ஐஸ்கிரீம் டப்பா

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் ஐஸ்கிரீம் டப்பா இருந்தால் பிள்ளைகள் யாரும் அதைத் தொட மாட்டோம். ஒரு முறை ஆசையாகத் திறந்த அண்ணன் அன்றைக்குச் சோறே வேண்டாம் என்று குப்புறப் படுத்துக்கொண்டான். உள்ளே ஆட்டுக் கண்கள் இருக்கும்.

சனிக்கிழமை காலையில் மீன், காய்கறியோடு அவற்றையும் அப்பாதான் பாசாரிலிருந்து வாங்கி வருவார். "தலைக்கறி வேணாம், கண்ணு மட்டும் போதுமா? என்னாத்துக்குலா?" என்று இறைச்சிக்கடை பாய் முதல் முறை கேட்டபோது, அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வீட்டு டாக்டருக்கு பாய்" என்றாராம். அதற்குப் பிறகு பாய் நல்ல கண்களாகப் பார்த்து எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த டாக்டர் என் சித்தி, அம்மாவின் தங்கை. நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் மகள். அவர் வேலை பார்த்த மருத்துவமனையில் கண் அறுவைக்குக் கத்தி பிடித்த முதல் பெண் அவர்தான். "குழந்தை மருத்துவம் எடுத்துக்கோயேன்மா, பொம்பளப் பிள்ளைக்கு அதுதான் தோது" என்று அங்கே பெரிய பெரிய ஆட்கள் அன்பாகச் சொல்லிப் பார்த்தார்கள். சித்தி கேட்கவில்லை. அறுவை அறையில் பழகுவதற்குச் சித்தியின் முறை ஒரு தடவை வருவதற்குள் மற்றவர்களுக்கு இரண்டு தடவை வந்துவிடும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் புக்கிட் ரம்பாயில் எங்கள் வீட்டு அடுப்படிக்கு ஆடுகள் வந்தன. தனியாக அறுவை செய்யும் தகுதி கிடைத்த பிறகும் சித்தி எங்களோடுதான் தங்கியிருந்தார். சனிக்கிழமைப் பழக்கமும் நிற்கவில்லை.

கண்ணை ஒரு நுரைப் பலகைத் துண்டில் பதித்துக் குண்டூசியால் நிறுத்துவார். தலையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசை விளக்கை இழுத்து வைத்துக்கொள்வார். அப்புறம் காற்றாடியை நிறுத்தச் சொல்வார். காற்றடித்தால் நூல் பறந்துவிடுமாம். அந்த நூலை முதலில் என் கண்ணுக்குக் காட்ட அவர் பட்ட பாடு! கடைசியில் என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அம்மாடி! என் முடி கப்பல் கயிறு மாதிரிக் கிடந்தது. அந்த நூலால் சித்தி கருவிழியைத் தைப்பார், முடிச்சுப் போடுவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் விரல்கள் அசைவது மட்டும்தான். வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். கோயிலில்கூட நான் அவ்வளவு அமைதியாக நின்றதில்லை.

அம்மாவுக்குத்தான் பொறுக்காது. "வெந்து சாகுறேன்லா இங்க! இது சமைக்கிற எடமா, ஆஸ்பத்திரியா?" என்று முந்தானையால் விசிறிக்கொள்வார். வெள்ளிக்கிழமை அந்த டப்பாவின் வாசமே வீட்டில் ஆகாது. சித்தி எழுந்தவுடன் அம்மா காற்றாடியைச் சுழலவிட்டு, தைத்த கண்களை ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார். அருவருப்பில்தான் அப்படிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவோ கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் சித்தி புராணம்தான். கேட்டுக் கேட்டு அங்கே பாதிப் பேருக்குக் காது புளித்துவிட்டது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஹரிராயா பெருநாளின் முதல் நாளன்று, அம்மாவின் துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவி அண்ணன் வில்லும் அம்பும் செய்தான். அம்பு என் இடது கண்ணில் பாய்ந்தது. வலியைவிட, கன்னத்தில் ஏதோ சூடாக ஒழுகியதுதான் நினைவிருக்கிறது. அண்ணன் என்னைவிடச் சத்தமாக அலறினான்.

ராயாவுக்கு மலாய்க்கார டாக்டர்கள் கம்போங்குக்கு, சொந்த ஊருக்குப் போவார்கள். தீபாவளிக்குச் சித்தியை வீட்டுக்கு அனுப்புவார்கள். அது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். ஆகவே அன்றைக்கு முறை சித்தியுடையது. பெரிய டாக்டர் தொலைவில், கிளந்தானில் இருந்தார்.

மருத்துவமனையில் விளக்கடித்துப் பார்த்த சித்தி, "கருவிழி கிழிஞ்சிருக்கு. இப்பவே தைக்கணும்" என்றார். அப்பா முகம் வெளிறிவிட்டது. "ஏம்மா, பெரிய டாக்டர் வர்ற வரைக்கும்... இல்ல, கே.எல். பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிரலாமா?"

கோப்பிக்கடையில் புராணம் பாடிய அதே வாயா இது! சித்தி விளக்கை அணைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "கொண்டு போகலாம் மாமா. ரோடு முழுக்க ராயா ஜாம். லேட்டானா சீழ் பிடிக்கும். அப்புறம் கண்ணு போயிரும். சொந்தப் பிள்ளைக்கு நான் பண்ணக்கூடாதுதான். ஆனா இன்னிக்கு வேற ஆள் இல்ல. நீங்க சொல்லுங்க" என்றார்.

அம்மாதான் சொன்னார். "அவளே தைக்கட்டும்ங்க. என் அடுப்படியில அவ தைச்ச ஒவ்வொரு தையலையும் நான் பார்த்துட்டுத்தான் தூக்கிப் போட்டேன். வேற யாரு தையல நான் பார்த்தேன்?"

உள்ளே பச்சைத் தொப்பியும் முகமூடியுமாக யாரோ குனிந்தபோது, கண்களை வைத்துத்தான் சித்தி என்று கண்டுபிடித்தேன். "ஆட்டுக்குப் போடுற மாதிரிதானா சித்தி?" என்று கேட்டேன்.

"அதே மாதிரிதான்டி. ஆனா ஆடு இவ்ளோ கேள்வி கேக்காது."

அப்புறம் தூக்கம்.

கட்டுப் பிரித்த அன்று சுவரில் இருந்த நாள்காட்டியின் எழுத்துகளைச் சித்தி படிக்கச் சொன்னார். நான் கடகடவென்று படித்தேன். "மாரியம்மா!" என்று அம்மா அழுதார். அப்பா அன்றைக்கே கோப்பிக்கடைக்குப் போய் மூன்று கிளை சேர்த்துக் கதை சொன்னார். "கே.எல்.-க்கு கொண்டு போங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, நான்தான் விடல" என்பது அதில் ஒன்று. சித்தி மட்டும் என் கண்ணுக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த சனிக்கிழமையே மறுபடியும் ஐஸ்கிரீம் டப்பா வந்தது. ஆனால் இப்போது எல்லா ஆட்டுக் கண்ணிலும் சித்தி ஒரே இடத்தில்தான் கீறினார். கருவிழியின் கீழ் ஓரம், கொஞ்சம் சாய்வாக. கண்ணாடியில் பார்த்தால் என் காயம் இருந்த அதே இடம்! தைப்பார், பார்ப்பார், நடுவில் ஒரு முடிச்சை மட்டும் வெட்டி எடுப்பார், மறுபடி போடுவார். வாராவாரம் இதே கதைதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் காயத்தைத்தான் சித்தி எல்லா ஆடுகளுக்கும் போடுகிறார் என்று பள்ளி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்று அந்தப் பிரிவுக்கே சித்திதான் தலைவர். அவரிடம் பழகிய பெண்கள் ஊர் ஊராகக் கண்ணைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கார் ஓட்டுகிறேன், ஊசியில் நூல் கோர்க்கிறேன், எல்லாம் அந்தக் கண்ணின் தயவில்தான். இடது கண்ணால் மட்டும் பார்த்தால் தெருவிளக்குக்கு ஒரு சின்ன வால் முளைக்கும், அவ்வளவுதான். போன தீபாவளிக்கு இதைச் சும்மா பேச்சுவாக்கில் சித்தியிடம் சொன்னேன். முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தவர் என் கண்ணைப் பார்க்கக்கூட இல்லை.

"மூணாவது முடிச்சு. கொஞ்சம் இறுக்கிட்டேன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்று நினைவுக்கு வந்தது. சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். நான் அம்மாவின் புடவையை இழுத்து, "என் காயம் சித்திக்கு அவ்ளோ புடிச்சிருச்சாம்மா?" என்று கேட்டேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை. அம்மா யாரும் சொல்லாமலே எழுந்து போய்க் காற்றாடியை நிறுத்தினார்.