அம்மை என்று நினைத்த ஐந்து நாட்கள்

2007-இல் சித்திரை மாதம் என் கணவருக்கு உடம்பெல்லாம் சிவந்தபோது, அது அம்மை என்று முதலில் சொன்னது நான்தான். வீட்டுக்காரம்மா சொன்னார்கள், தெருவே சொன்னது என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அவர்களெல்லாம் எனக்குப் பின்னால்தான் சொன்னார்கள்.

அப்போது சிதம்பரத்தில் கீழ சன்னதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அவர் சிதம்பரம் – கடலூர் தனியார் பஸ்ஸில் டிரைவர். அதே பஸ்ஸில் என் தம்பி கண்டக்டர். நான் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில் பத்திரம் எழுதுபவரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடமாக அவருக்கு இடது கால் கட்டைவிரலில் வலி. கிளட்ச் மிதிக்கும் கால். வந்தால் விரல் தக்காளி மாதிரி வீங்கிப் பளபளக்கும். மின்விசிறிக் காற்று பட்டாலும் துடித்துப்போவார். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, செருப்பின் முன்பக்கத்தை வெட்டிவிட்டு வண்டி ஓட்டினார். கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஜாஸ்தி என்றார். வீக்கம் வற்றிய பிறகு ஆரம்பிக்கச் சொல்லி, அலோபூரினால் நூறு மில்லிகிராம், தினம் ஒன்று என்று எழுதித் தந்தார். ஒரு மாதம் கழித்து சிறுநீரகத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார்.

கிளம்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். வலி போய்விட்டது என்றோ, வலி திரும்ப வந்துவிட்டது என்றோ மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பது ஒன்று. அரிப்போ, தடிப்போ, காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு வந்து பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்றரை மணி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பில் இருந்தேன். பத்திரத்தில் ஒரு எழுத்து விடாமல் அடிக்கிறவள், அந்த இரண்டாவதை விட்டுவிட்டேன். நிறுத்தக் கூடாது என்பது மட்டும் மனதில் ஆணி மாதிரி நின்றது.

தினமும் காலையில் டீயோடு நானே எடுத்துக் கொடுப்பேன். மூன்று வாரம் கழித்து விரல் மறுபடி வீங்கியது. ஆரம்பத்தில் அப்படி வரக்கூடும் என்று எங்களுக்குத் தெரியாது. மாத்திரை வேலை செய்யவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். ரத்தப் பரிசோதனைக்கு லீவு கிடைக்கவில்லை. ஒருநாள் புது அட்டை வாங்கி வந்து மேசையில் வைத்தார். மாத்திரை முன்பைவிடப் பெரிதாக இருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து காய்ச்சல் வந்தது. கண் எரிகிறது என்றார். மறுநாள் மார்பிலும் முதுகிலும் சிவப்புத் திட்டுகள். சாயங்காலத்துக்குள் முகத்துக்கு ஏறிவிட்டது. தெருவில் அந்த மாதம் இரண்டு வீட்டில் அம்மை போட்டிருந்தது. நான் வாசலில் வேப்பிலை செருகினேன். பாயில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தேன். அம்மைக்கு மருந்து மாத்திரை கொடுக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். காய்ச்சல் மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. ஆனால் யூரிக் ஆசிட் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. அதைத்தான் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரே.

மூன்றாம் நாள் உதடு வெடித்து வாயெல்லாம் புண். விழுங்க முடியவில்லை. மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி இளநீரில் கரைத்து ஊட்டினேன். அவர் கண்ணில் நீர் வழிய அதைக் குடித்தார். நான்காம் நாள் இமைகள் ஒட்டிக்கொண்டன. அன்றும் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலையிலும் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் தம்பி வந்தான். அம்மை வீடு என்று அதுவரை வராமல் இருந்தவன், வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போவதாக இருந்தான். அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க நான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். தோல் என் கையோடு வந்துவிட்டது. ஈரக் காகிதம் மாதிரி. அவர் கத்தக்கூட இல்லை, ஒரு முனகல்தான்.

தம்பி உள்ளே வந்துவிட்டான். "அக்கா, இது அம்மை இல்ல. நான் போய் ஆட்டோ கூட்டியாரேன், மாமாவ கெளப்பு" என்றான்.

அவரை ஒரு பழைய வேட்டியில் வைத்துத்தான் இறக்கினோம். பிடித்துக்கொள்ள உடம்பில் இடம் இல்லை. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா பார்த்தார். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். அம்மை என்பதால் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று நான் பெருமை மாதிரிச் சொன்னேன்.

"தெனமும் வழக்கமா சாப்புடுற மாத்திரை எதுனா உண்டாம்மா?"

"கால் விரல் வலிக்கு ஒண்ணுங்க. அத மட்டும் நிறுத்தல."

"கடைசியா எப்ப குடுத்தீங்க?"

"இன்னைக்கு காலையில."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. இனி ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது என்றார். அந்த மருந்து சிலருக்கு அபூர்வமாக இப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும், தொடர்ந்து உள்ளே போகப் போக ஆபத்து அதிகம் என்றார். மஞ்சக்குப்பத்து டாக்டர் சொன்ன இரண்டாவது விஷயம் அந்த நிமிடம் வார்த்தை மாறாமல் என் காதில் விழுந்தது. அவர் சொன்ன குரல், மேசையில் இருந்த கண்ணாடி டம்ளர், எல்லாம். அதுவரை அது எங்கே இருந்தது?

தம்பி வீட்டுக்குப் போய் அட்டையையும் சீட்டையும் எடுத்து வந்தான். சீட்டில் நூறு. அட்டையில் முந்நூறு. டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நான்தான் சொன்னேன் அக்கா. எங்க மொதலாளி முந்நூறு போடுறாரு, நீங்களும் போடுங்க மாமான்னு."

அவனைத் திட்ட என்னிடம் என்ன யோக்கியதை இருந்தது?

வார்டில் அவரைச் சுத்தம் செய்த வாழையிலையில் படுக்க வைத்தார்கள், துணி ஒட்டக் கூடாது என்று. சலைன் ஏற்றினார்கள், மணிக்கொரு தரம் கண்ணில் சொட்டு விட்டார்கள். இலை மாற்றும்போதெல்லாம் நான் வெளியே போய்விடுவேன். பிழைப்பாரா என்று கேட்டதற்கு, மூன்று நாள் போகட்டும் அம்மா, இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த மூன்று நாளில் நான் எந்த சாமியையும் கும்பிடவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. என் கையால் ஐந்து நாள் எடுத்துக் கொடுத்துவிட்டு, யாரிடம் போய்க் காப்பாற்று என்று கேட்பது? கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கையைப் பிடிக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஏழாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வாய் ஆறி அவர் முதலில் பேசியது என் தம்பியிடம். "மச்சான், வண்டிய யாரு ஓட்டுறா?" என்றார். தம்பி வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு அழுதான்.

ஒரு மாதம் கழித்து வீடு வந்தோம். நகங்கள் விழுந்து முளைத்தன. தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறிப்போனது. கண்ணில் நீர் சுரப்பது நின்றுவிட்டது. வெயிலைப் பார்க்க முடியாது. வண்டி ஓட்டுவது அதோடு முடிந்தது. முதலாளி அவரை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக வைத்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டி நேரம் குறிப்பார்.

வலி மட்டும் எங்கேயும் போகவில்லை. மறுவருடம் விரல் வீங்கியபோது எந்த மாத்திரையையும் தொட மாட்டேன் என்றார். எனக்கும் கொடுக்கக் கை வரவில்லை. நான்கு நாள் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பிறகு மஞ்சக்குப்பத்துக்கே போனோம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அந்த மருந்தின் பெயரையும், இவருக்கு இனி எந்நாளும் கொடுக்கக் கூடாது என்பதையும் ஒரு அட்டையில் எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்றார். வலி வந்தால் மட்டும் சாப்பிட வேறொன்று எழுதினார். சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகுதான் எழுதினார். ஒரு நாளைக்கு எத்தனை, எப்போது நிறுத்துவது என்று சொல்லிக்கொண்டே போனார். நான் அவரை நிறுத்தச் சொல்லி, பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டேன். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினேன்.

என் கணவர் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று சில நாள் தோன்றும்.