ஆகாயத்தில் ஒரு கும்பிடு

போன வருடம் பொங்கல் லீவில் நடந்தது. அரிமளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். என் அண்ணன் மகள் சின்ன விமானம் ஓட்டப் படித்து லைசென்ஸும் வாங்கியிருந்தாள். பெற்ற அப்பாவுக்கு அவளோடு ஏறத் துணிச்சல் இல்லை. "நீ போயிட்டு வா" என்று என்னைத் தள்ளிவிட்டார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் விமானம். அவள் இடது பக்கம், நான் வலது பக்கம்.

ஏறும்போதே எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். "வலது பக்கம் எனக்குச் சரியாத் தெரியாது அத்தை. அங்கிட்டு நீங்கதான் பார்த்துக்கணும். வேற விமானம் தெரிஞ்சா ஒடனே சொல்லுங்க. ஜன்னல் கண்ணாடியில நகர்ந்து போறதுன்னா பயமில்ல. நகராம ஒரே எடத்துல நின்னு பெருசாகுதுன்னா நம்மளப் பார்த்துத்தான் வருதுன்னு அர்த்தம்."

பரீட்சை ஹாலில் கண்கொத்திப் பாம்பு என்று பெயரெடுத்தவள் நான். இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரித்தேன்.

மேலே போனதும் ஆளே மாறிப்போனேன். மழை பெய்து நிறைந்த கண்மாய்கள் ஒவ்வொன்றாக வெயிலில் மின்னி அணைந்தன. தைல மரக் காடுகள், நடுவே செம்மண் பாதைகள், தூரத்தில் கோட்டைப்பட்டினம் பக்கம் கடல் ஒரு நீலக் கோடு. இஞ்சின் சத்தம் பழகிப்போய்த் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. விழித்திருக்கிறேனா, கனவா என்றே தெரியவில்லை.

அப்போதுதான் கீழே எங்கள் குலதெய்வம் அய்யனார் கோயிலைப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவே மண் குதிரைகள் வரிசையாக நின்றன. "ஏத்தா, ஒரு சுத்து வலமா வா" என்றேன். "ஒண்ணே ஒண்ணுதான்" என்று விமானத்தை வலது பக்கம் சாய்த்துத் திருப்பினாள். கோயில் நேராக என் ஜன்னலுக்குக் கீழே வந்தது. இத்தனை வருஷமும் நடந்தே வலம் வந்த சாமியை இன்று ஆகாயத்தில் வலம் வருகிறோமே என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பிள்ளைக்கு ஓர் ஆபத்தும் வரக்கூடாது என்று கைகூப்பினேன். கைகூப்பினால் கண் தானாக மூடிக்கொள்ளும், பிறந்ததிலிருந்து பழக்கம்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. திடீரென்று சீட் எனக்குக் கீழே இறங்கியது. கண்ணைத் திறந்தால் தலைக்கு மேலே இன்னொரு சின்ன விமானம். அதன் மூன்று சக்கரங்களும் கைக்கு எட்டும் போல இருந்தன. வேறு எங்கிருந்தோ பயிற்சிக்குப் பறந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. அடுத்த நொடி அதைக் காணோம். ஒன்றுமே நடக்காதது மாதிரி வானம் நீலமாகக் கிடந்தது.

தரையிறங்கி இஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் அவள் கேட்டாள். "நீங்க பார்க்கலையா அத்தை? சுத்து முடிஞ்சு நேரானதும், எதுக்கும் இருக்கட்டும்னு நான் எட்டிப் பார்த்தேன். ஒங்க கண்ணாடியில அப்படியே நின்னுக்கிட்டிருக்கு. சட்டுன்னு நம்ம விமானத்தக் கீழே எறக்கிட்டேன்."

ஏதாவது பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "சாமி கும்பிட்டேன்த்தா" என்றேன். "ஒனக்காகத்தான்."

அவள் திட்டவில்லை. குனிந்து என் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

அய்யனார்தான் காப்பாற்றினார் என்று விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் தன் உயிரில் பாதியை என் கண்களை நம்பி விட்டிருந்தாள். நானோ அதைச் சாமி தலையில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன் என்பது, எந்தக் கோயிலில் கைகூப்பினாலும் இன்றும் என்னைச் சுடுகிறது.